கடிக்கும் குட்டி, மிரளும் குட்டி, தொட்டால் சிணுங்கும் குட்டி

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் புகார்கள் தொடங்குகின்றன. நைட்டியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. குழந்தையின் கணுக்காலில் பல் தடம். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. உண்ணி எடுக்கலாம் என்று காது மடலைத் தூக்கினால் வெடுக்கென்று திரும்பிக் கையைக் கவ்வுகிறது. உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வந்துவிடுவார்கள்: மூக்கில் ஒரு சுண்டு சுண்டு, செய்தித்தாளைச் சுருட்டித் தட்டு, வாயை இறுகப் பிடித்து மூடு, மல்லாக்கத் தள்ளி அமுக்கு.

கடி, பயம், தொடவிடாமை என்று மூன்று தனித்தனித் தொல்லைகளாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் நடுவில் இருப்பது நம்முடைய கை. அந்தக் கை விளையாட்டுப் பொருளா, ஆபத்தா, நல்ல செய்தி கொண்டுவருவதா என்று தெரிந்துகொண்டு எந்தக் குட்டியும் பிறப்பதில்லை. நாம் ஒவ்வொரு நாளும் அறிந்தோ அறியாமலோ சொல்லிக்கொடுப்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது. மேலே சொன்ன நான்கு வைத்தியங்களும் கை என்றால் ஆபத்து என்பதைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. பிறகு அதே கையால் நகம் வெட்டப் போனால் குட்டி எப்படி இருக்கும்?

வயதுக் கணக்கு

குட்டியின் மூளை புதியவற்றைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும் காலம் மிகக் குறுகியது. ஏறத்தாழ 3ஆவது வாரத்தில் திறக்கும் கதவு 12 முதல் 14 வாரத்துக்குள் மூடத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் 1961-ல் வெளியிட்ட ஆய்வு அது. வேலி போட்ட திறந்தவெளியில், மனிதர்களோடு பழக்கமில்லாமல் குட்டிகள் வளர்ந்தன. சிலவற்றை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் உள்ளே கொண்டுவந்து ஆட்களோடு பழகவிட்டார்கள். அந்த ஒரு வாரமே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. 14 வாரம் வரை ஆள் பழக்கமே கிடைக்காத குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போல ஆகியிருந்தன. பிறகு எவ்வளவு முயன்றும் அவற்றை முழுதாகப் பழக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு குட்டி இன்னொன்றின் காதைப் பலமாகக் கடித்தால் கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்த குட்டிக்கு அதுதான் தண்டனை. தாய்க்கு மடி வலித்தால் எழுந்து போய்விடும். இப்படித்தான் எந்த அழுத்தம் வரை பல் படலாம் என்ற கணக்கு குட்டிக்குப் பிடிபடுகிறது. இந்தியாவில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. நடப்பில் முப்பது, நாற்பது நாள் குட்டிகள் அட்டைப்பெட்டியில் கைமாறுவது சர்வசாதாரணம். தெருவில் தாயை இழந்து, கண் திறந்த கையோடு வீட்டுக்கு வந்துசேரும் நாட்டுக் குட்டிகளும் உண்டு. அப்படி வந்தவை கொஞ்சம் பலமாகவே கடிக்கும். குணக்கேடு என்று அதற்குப் பெயர் வைப்பது அநியாயம். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். தடுப்பூசி போட்ட, பொறுமையான பெரிய நாய் ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் விட்ட பாடத்தை அது நம்மைவிட நன்றாக நடத்தும்.

வரிசையும் அளவும்

பழக்குவதற்கான அடிப்படை இரண்டே சொற்களில் அடங்கும். ஒன்று வரிசை, மற்றொன்று அளவு.

ரஷ்ய அறிவியலாளர் பாவ்லவ், உணவுக்கு முன் ஓர் ஒலியை எழுப்பி எழுப்பி, பிறகு ஒலியைக் கேட்டாலே நாய்க்கு உமிழ்நீர் ஊறும்படி செய்ததைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதில் பலர் கவனிக்காமல் விட்டது ‘முன்’ என்பதைத்தான். ஒலி முதலில், உணவு பிறகு. அதனால்தான் ஒலி, உணவு வரப்போகிறது என்ற செய்தியாக மாறியது. வரிசையைத் திருப்பிப் போட்டால் செய்தியும் தலைகீழாகிவிடும்.

வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்தான். பிஸ்கட்டைக் காட்டிக் குட்டியை மடிக்கு அழைக்கிறோம். அது வந்ததும் பிடித்து நகத்தை வெட்டுகிறோம். நான்கைந்து முறைக்குப் பிறகு குட்டி பிஸ்கட்டைக் கண்டாலே மேசைக்கு அடியில் போய்விடுகிறது. வீட்டில் உள்ளவர்கள், “இதற்குப் பிஸ்கட்டே பிடிக்காது” என்று சொல்லிக்கொள்கிறார்கள். குட்டியைப் பொறுத்தவரை பிஸ்கட் என்பது நகவெட்டி வரப்போகிறது என்பதற்கான அறிவிப்பு. வரிசையை மாற்றுங்கள்: முதலில் பாதத்தைத் தொடுங்கள், கையை எடுங்கள், அதன் பிறகு பைக்குள்ளிருந்து கோழித்துண்டு வரட்டும். தொடும் நேரத்தில் மறு கையில் தீனி தெரியவே கூடாது.

அளவுக்கு வருவோம். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கினார். பிடித்த உணவைச் சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டோடு அறையின் தொலைவில் வைத்தார். அவன் அமைதியாக இருந்தால் அடுத்த முறை சற்று அருகில். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டான். முதல் நாளே முயலை மடியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் அளவு என்பது விளங்கிவிடும்.

நாய்க்குட்டியிடம் அளவு தாண்டிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? அது தின்கிறதா என்று பாருங்கள். பசியுள்ள குட்டி, பிடித்த தீனியை மறுத்தால் நாம் அவசரப்படுகிறோம் என்று பொருள். வழக்கமாக நாக்கால் எடுப்பது திடீரென்று விரலோடு சேர்த்துப் பறித்தாலும் அதே பொருள்தான். அதற்கும் முன்பே சின்னச் சின்ன அடையாளங்கள் வந்துபோகும்: தீனி இல்லாமலே உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, தலையை மட்டும் அப்பால் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, காது பின்னுக்குப் படிவது, வால் இடுங்குவது, அப்படியே கல்லாய் நிற்பது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம். பலர் அதைத்தான் “பாருங்கள், எவ்வளவு சமர்த்தாக நிற்கிறது” என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடி

குட்டி கடிப்பதில் பெரும்பகுதி சண்டையே அல்ல. கை இல்லாத பிராணி வாயால்தான் உலகத்தைத் தொட்டுப் பார்க்கும். அதற்குமேல் பல் தொல்லை வேறு: 28 பால்பற்கள் ஏறத்தாழ நான்காவது மாதத்திலிருந்து விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அந்த இடைக்காலத்தில் ஈறு ஊறும். நாற்காலிக் கால், செருப்பு, உங்கள் பெருவிரல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். குளிர்ந்த கேரட் துண்டு, நனைத்து முறுக்கி உறைய வைத்த துணி, கடிப்பதற்கென்றே விற்கும் ரப்பர் பொம்மை ஆகியவை உதவும். துணியைத் தின்றுவிடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

விளையாட்டுக் கடியில் உடம்பு தளர்வாக, பின்பக்கம் முழுவதும் ஆடும். விறைத்த உடம்போடு, உறைந்த பார்வையோடு வரும் கடி வேறு வகை. அதைப் பிறகு பார்ப்போம்.

விளையாட்டுக் கடியைக் கூட்டுவது பெரும்பாலும் நம்முடைய அசைவுதான். கடிபட்ட கையை விருட்டென்று இழுத்தால் அது ஓடும் இரை. வேட்டி நுனியும் நைட்டி ஓரமும் தரையோடு ஆடிப்போவது துரத்தச் சொல்லி விடுக்கும் அழைப்பு. குழந்தை “ஐயோ” என்று கத்திக்கொண்டு ஓடினால் திருவிழாவே தொடங்கிவிட்டது. கடி விழுந்ததும் கையை அசைக்காமல் நிறுத்துங்கள். குட்டி பிடியைத் தளர்த்தியதும் கையை மெல்ல எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். பேச்சு, பார்வை எதுவும் வேண்டாம். தேவைப்பட்டால் அறைக்கதவின் அந்தப் பக்கம் போய் இருபது முப்பது நொடி நின்றுவிட்டு வரலாம். பல் பட்டால் விளையாட்டு நின்றுபோகும் என்பதுதான் செய்தி. கூடப்பிறந்தவை சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய அதே செய்தி. கடிபட்ட குட்டியைப் போல நாமும் கீச்சென்று கத்த வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சில குட்டிகள் அதைக் கேட்டு நிறுத்தும். பல குட்டிகளுக்கு அது இன்னும் உற்சாகம் ஊட்டும். உங்கள் குட்டி எந்த ரகம் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

நிறுத்தினால் மட்டும் போதாது, கடிக்க வேறொன்றைக் கொடுக்கவும் வேண்டும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னி, கை நீளத்துக்குக் கயிறாக்கிக் கொள்ளுங்கள். நீளம் முக்கியம், குட்டியின் வாய்க்கும் உங்கள் விரலுக்கும் நடுவே ஒரு முழமாவது இருக்கட்டும். வெறுங்கையை ஆட்டி விளையாட்டுக் காட்டும் பெரியப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். குட்டியைவிட அவர்களைப் பழக்குவதுதான் கடினம்.

சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குக் குட்டிக்குப் பேய் பிடித்ததுபோல் ஆவதைப் பலர் சொல்வார்கள். வீட்டைச் சுற்றி ஓடும், எதிர்ப்படுவதையெல்லாம் கடிக்கும். பெரும்பாலும் அது தூக்கமின்மை. இந்த வயதுக் குட்டிக்கு நாளொன்றுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூக்கம் வேண்டும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் ஆள் மாற்றி ஆள் தூக்கி விளையாடினால் அந்தத் தூக்கம் எங்கிருந்து வரும்? கூண்டிலோ ஓர் ஓரத்து அறையிலோ சாக்குப் படுக்கையைப் போட்டு, விளக்கைக் குறைத்து, தனியே விட்டுப் பாருங்கள். கடி பாதியாகக் குறைவதைச் சில நாட்களிலேயே காணலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கண்டிப்பு. ரேபிஸ் குட்டிகளுக்கும் வரும். குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. ரத்தம் வந்தாலும் வெறும் கீறலானாலும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி தேவையா, எத்தனை தவணை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மிளகாய்த்தூள், எண்ணெய், எலுமிச்சை என்று புண்ணில் எதையும் பூச வேண்டாம். தெருவிலிருந்து எடுத்துவந்த, தாயைப் பற்றி எதுவும் தெரியாத குட்டி என்றால் இது இன்னும் முக்கியம். குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசியை வழக்கமாக மூன்று மாதத்தில் போடுவார்கள்.

தொடப் பழக்குவது

நாயைத் தொடுவது கொஞ்சுவதற்காக மட்டும் அல்ல. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உண்ணி ஓயாது. காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் வாரத்துக்கு ஒருமுறையாவது விரலை விட்டுப் பார்க்க வேண்டும். நகம் வளர்ந்தால் நடை கோணும். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்ப்பார், காதுக்கு மருந்து ஊற்றுவார். மூன்று மாதத்தில் இதற்கெல்லாம் பழகாத ராஜபாளையம், இரண்டு வயதில் தொடையளவு கழுத்தோடு மருத்துவர் மேசைமேல் நிற்கும்போது நான்கு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருக்கும்.

முதலில் தூக்கும் முறை. முன்னங்கால்கள் இரண்டையும் பிடித்துத் தூக்குவது, அக்குளில் கைவிட்டுத் தொங்கவிடுவது இரண்டும் வலிக்கும். ஒரு கை மார்புக்கு அடியில், மற்றொரு கை பின்பக்கத்துக்கு அடியில், குட்டியின் எடை முழுவதும் உங்கள் கைகளில் அமர வேண்டும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டால் போதும். நடந்துகொண்டே தூக்க வேண்டாம். மேலிருந்து தலைமேல் கையைக் கொண்டுபோவதைப் பெரும்பாலான குட்டிகள் விரும்புவதில்லை. மோவாய்க்கு அடியிலோ மார்பிலோ தொடங்குங்கள்.

நகம் வெட்டுவதை ஓர் எடுத்துக்காட்டாக விரிவாகப் பார்ப்போம். மற்றவை எல்லாம் இதன் மாற்றங்களே.

அவித்த கோழியையோ முட்டை வெள்ளையையோ உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள். (வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் சேரக் கூடாது, சாக்லேட், திராட்சை இரண்டும் நாய்க்கு நஞ்சு.) குட்டி ஓடியாடிக் களைத்து, ஆனால் தூங்கிவிடாத நேரமாகப் பாருங்கள். தோளைத் தொடுங்கள், கையை எடுங்கள், ஒரு துண்டு கொடுங்கள். சில முறைகளுக்குப் பிறகு தொட்டவுடனேயே அது கிண்ணம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பல்தான் நீங்கள் காத்திருந்தது. தொடுதல் என்பது தீனியின் முன்னறிவிப்பு என்று அதற்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகே முழங்கைக்கு இறங்குங்கள். அங்கும் அதே திரும்பல் வந்த பிறகு மணிக்கட்டு, அடுத்துப் பாதம். பாதத்தில் பல குட்டிகள் காலை இழுத்துக்கொள்ளும். இழுத்தால் விட்டுவிடுங்கள். இறுக்கிப் பிடித்தால் அன்றைய பாடம் முழுவதும் வீண். அடுத்த முறை இன்னும் வேகமாக இழுக்கும். விட்டுவிட்டு, ஒரு படி மேலே போய் மணிக்கட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பாதத்தைக் கையில் தாங்கவிட்டால், ஒரு விரலை மெல்ல அழுத்துங்கள், நகம் வெளியே நீளும். கொடுங்கள். இதற்கிடையில் நகவெட்டியைத் தனியாக அறிமுகம் செய்யலாம். தரையில் கிடக்கட்டும், குட்டி மோந்தால் ஒரு துண்டு. அடுத்து அதன் சத்தம். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, குட்டியிலிருந்து நான்கடி தள்ளி உட்கார்ந்து நகவெட்டியால் நறுக்குங்கள். நறுக்கென்ற அந்த ஓசை, நகம் வெட்டும் ஓசையைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். நறுக்கு, துண்டு, நறுக்கு, துண்டு. நாள் போகப் போகப் பக்கத்தில் வாருங்கள். பிறகு நகவெட்டியை நகத்தில் வெறுமனே தொட்டு எடுப்பது. இவ்வளவுக்கும் பிறகுதான் ஒரு நகத்தின் நுனி. ஒன்றே ஒன்று. மற்றவை நாளைக்கு.

வெள்ளை நகத்தில் உள்ளே ரோஜா நிறத்தில் ரத்த ஓட்டம் தெரியும். அதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். கருநகத்தில் எதுவும் தெரியாது, ஆகையால் நுனியில் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோள மாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஆனால் அந்த ஒரு வலி இதுவரை சேர்த்ததையெல்லாம் கரைத்துவிடும். மறுபடி தோளிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒரு பாடத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். குட்டி இன்னும் வேண்டும் என்று பார்க்கும்போதே கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். எழுந்து போக நினைத்தால் போகவிடுங்கள். போக முடியும் என்று தெரிந்த குட்டிதான் விரும்பி நிற்கும். இதை நம்பாதவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். இங்கிலாந்துப் பயிற்சியாளர் சிராக் படேல் பரப்பிய வாளி விளையாட்டு இந்த எண்ணத்தில் உருவானதுதான். சிறு வாளியில் தீனி இருக்கும். நாய் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நாம் தொடலாம், பார்வையை எடுத்தால் நாமும் கையை எடுத்துவிட வேண்டும். நிறுத்தும் பொத்தான் நாயின் கையில்.

குளியலில் குட்டிகள் மிரளுவதற்குத் தண்ணீரைவிட வழுக்கும் டைல்ஸ் தரை பெரிய காரணம். கால் நழுவும் இடத்தில் யாருக்குத்தான் மனம் அமைதியாக இருக்கும்? ஒரு சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போட்டுவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையால் பின்பக்கத்திலிருந்து ஊற்றுங்கள். தலையைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும், காதில் நீர் போகாது.

சாப்பாட்டுத் தட்டில் கைவிட்டுச் சோதிக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர் அடிக்கடி வந்து சோற்றை அள்ளிப் பார்த்தால் நமக்கே கை ஓங்கத் தோன்றும். அதற்குப் பதில் குட்டி தின்னும்போது அந்தப் பக்கமாகப் போய், தட்டில் ஒரு கோழித்துண்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். செருப்பைக் கவ்விக்கொண்டால் துரத்தாதீர்கள். அதைவிட நல்லதொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

உறுமலும் அடியும்

குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லிவைத்தவர் யாரோ, தபால்காரராக இருந்திருக்க முடியாது. குரைப்பும் உறுமலும் எச்சரிக்கைகள். எச்சரிக்கையை மதிக்காவிட்டால் கடி வரும். உறுமியதற்காகக் குட்டியை அடித்தால் உறுமல் நின்றுவிடும், உறுமலுக்குக் காரணமான பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல் நேராகப் பல்தான். உறுமினால் கையை எடுங்கள், விலகுங்கள், எது அளவுக்கு மீறியது என்று யோசியுங்கள்.

அடியாத மாடு படியாது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதத்தினர், அதற்கு நாய் முரட்டுத்தனமாக எதிர்த்ததாகச் சொன்னார்கள். மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம். அப்படி அமுக்கினால்தான் நாம் தலைவன் என்று அதற்குப் புரியும் என்ற வாதம், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்துப் பிறந்தது. தலைமை ஓநாய் என்ற கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999-ல் எழுதிவிட்டார்.

இதுவரை தொடவிட்ட குட்டி திடீரென்று ஓரிடத்தை மட்டும் தொடவிடவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். காதில் சீழ், விரலிடுக்கில் முள், வயிற்றுவலி என்று ஏதாவது இருக்கலாம். உடம்பை விறைத்துக்கொண்டு, தட்டின்மேல் கவிழ்ந்து நின்று உறுமும் குட்டிக்கும், ஆளைக் கண்டால் மூலையைவிட்டே வராத குட்டிக்கும் வீட்டுப் பாடம் மட்டும் போதாமல் போகலாம். ஆறு மாதத்துக்கு மேல், வளரிளம் பருவத்தில், பழகியதையெல்லாம் மறந்ததுபோல் நடந்துகொண்டால் அது வேறு. அப்போது சில படிகள் கீழே இறங்கித் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும்.

பயம்

தடுப்பூசி முடியும்வரை வெளியே கொண்டுபோகாதீர்கள் என்ற அறிவுரையில் நியாயம் இருக்கிறது. பார்வோ வைரஸ் குட்டிகளைக் கொல்லும், தெருமண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். ஆனால் தடுப்பூசித் தவணைகள் முடியும்போது குட்டிக்கு 16 வார வயது ஆகியிருக்கும். அதற்குள் நாம் பார்த்த கதவு மூடிவிடும். அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2008-ல் இதற்கு நடுவழி சொன்னது: முதல் தவணை போட்டு ஒரு வாரம் ஆனதும், ஆபத்தில்லாத இடங்களில் பழக்கத் தொடங்கலாம். நமக்கு எளிய வழி, குட்டியைக் கீழே விடாமல் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நிற்பது. ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பள்ளி வேன், குப்பை வண்டி, பூக்காரியின் குரல், தவில் சத்தம் எல்லாம் அதன் கண்ணிலும் காதிலும் விழட்டும். பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. யாராவது கொஞ்ச வந்தால், கையை நீட்டாமல் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குட்டி தானாகக் கழுத்தை நீட்டி மோந்தால் தொடலாம்.

பயந்த குட்டியைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று சொல்வது தவறு. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதலால் அது கூடிவிடாது. உங்களிடம் வந்து ஒண்டினால் ஒண்டவிடுங்கள். அதேபோல, பழகிவிடும் என்று சத்தத்துக்கு நடுவே கட்டிப்போடுவதும் தவறு. அப்படிக் கட்டிப்போட்ட குட்டி சற்று நேரத்தில் அடங்கிவிடும்தான். பழகிய அடக்கம் அல்ல அது, கைவிட்ட அடக்கம்.

மிக்சி, குக்கர் இரண்டையும் பழக்குவது சுலபம். அடுப்படியிலிருந்து தொலைவான அறையில் குட்டி, கதவு சாத்தியிருக்கிறது, ஒருவர் மிக்சியை ஒரு நொடி ஓட்டுகிறார், மற்றவர் அதன் பிறகு தீனி கொடுக்கிறார். நாளாக நாளாகக் கதவு திறக்கும், தூரம் குறையும்.

தீபாவளி அப்படியல்ல. தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் பட்டாசுக்கு ஒதுக்கிய நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெரு அதற்குள் அடங்குவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டாசு ஒலிப்பதிவைக் கைப்பேசியில், நமக்கே சிரமப்பட்டுக் கேட்கும் அளவுக்குக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். ஒலி, அதன் பிறகு தீனி. குட்டி காதைக்கூட அசைக்காமல் உங்கள் பையைப் பார்த்தால்தான் ஒரு புள்ளி கூட்டலாம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஆடி மாதமே தொடங்கிவிடுவது நல்லது. பண்டிகை நாளில் வெளிநடையை வெளிச்சத்திலேயே முடித்துவிட்டு, ஜன்னல் குறைந்த அறையில் மின்விசிறி, தொலைக்காட்சிச் சத்தத்தோடு உடனிருங்கள். கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் எழுதிய வில்லை இருக்கட்டும், மிரண்டு ஓடும் நாய்கள் அன்று அதிகம்.

எச்சில் வடிய நடுங்கும், கதவைப் பிராண்டும் குட்டிக்கு மருந்து தேவைப்படலாம். கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் அடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக்கொடுப்பதை முதலில் ஒரு சாதாரண நாளில் கொடுத்து, குட்டிக்கு அது எப்படி ஒத்துக்கொள்கிறது என்று கவனித்து அவரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அவகாசம் கிடைக்கும்.